மாதம் தொள்ளாயிரம் கிலோமீட்டர்

அத்தியாயம் 3

"முப்பத்தெட்டு நிமிஷம்," என்றார் கண்காணிப்பாளர். "என் வீட்டுல இருந்து சுகாதார நிலையம் அறுநூறு மீட்டர்தான். நடந்தே போயிடலாம். அங்க நிக்க வேண்டிய ஆம்புலன்ஸ் என் வாசலுக்கு வர முப்பத்தெட்டு நிமிஷம் ஆச்சு."

மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இருவரும் குறுக்கே பேசவில்லை. துப்பறிவாளருக்கு அது புதிதல்ல. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டுகிறவர்போலப் பேசுவதால்தான் ஊரே அவரைத் 'தந்தி' என்றது. பக்கத்தில் இருந்த உதவியாளர் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் அதிசயம். யாரும் திருகாமலேயே பேசத் தொடங்கிவிடும் அந்த முப்பது வயதுப் பெண்ணுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தவரே தந்திதான்.

கண்காணிப்பாளர் அரசு வாகனப் பிரிவின் தலைவர். அரசுக்குச் சொந்தமான ஆயிரத்து இருநூறு வண்டிகள், கார் முதல் ஆம்புலன்ஸ் வரை, அவர் கையெழுத்தில் ஓடின, அவர் கையெழுத்தில் நின்றன. நாற்பது நாளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவருடைய மனைவி சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

"உங்க ஆபீஸ் கார் இருக்குமே சார்?" என்றாள் ரேடியோ.

"லீவு நாள்ல ஆபீஸ் கார் ஆபீஸ்லதான் நிக்கணும். நான் போட்ட விதி. நானே மீற முடியுமா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடி. "வாடகை வண்டி கூப்பிட்டிருக்கலாம். ஆனா ஆம்புலன்ஸ் பக்கத்துத் தெருவுலதானே இருக்கு, இதோ வந்துடும்னு நின்னேன். அது நகரத்துக்கு அந்தப் பக்கம், தலைமைப் பணிமனையில இருந்து வந்துச்சு. யாரோ அதை அங்க மாத்தியிருக்காங்க."

"உத்தரவு?" என்றார் தந்தி.

"நான் கையெழுத்துப் போடாம எந்த வண்டியும் இடம் மாறாது. அப்படி ஒரு ஆம்புலன்ஸை மாத்தி நான் உத்தரவு போடவே இல்லை." ஒரு கோப்பைத் தள்ளினார். "இடமாற்ற ஃபைல். நூத்திப் பன்னிரண்டாவது தாள் இருக்கு, நூத்திப் பதினாலு இருக்கு. நடுவுல ஒண்ணு காணோம். என் கையெழுத்தைக் கள்ளத்தனமா போட்டு வண்டியை மாத்திட்டு, என் வீட்டுல சாவு விழுந்ததும் பயந்து தாளை உருவியிருக்கான்."

"யாருன்னு சந்தேகம்?"

"அந்த ஆம்புலன்ஸோட பழைய ஓட்டுநர். ஆறு மாசத்துக்கு முன்னாடி நான் சஸ்பெண்ட் பண்ண ஆள். நோயாளியே இல்லாம வண்டியைச் சும்மா ஓட்டி டீசலை வீணடிச்சான். விசாரணையில கேட்டேன், ஆமான்னு ஒத்துக்கிட்டான். வெளிய போகும்போது என்ன கத்தினான் தெரியுமா? 'ஒரு நாள் உங்க வீட்டு வாசல்லயே இந்த வண்டிக்காகக் காத்து நிப்பீங்க!'"

அந்த வாசகத்தைச் சொன்னதும் அவர் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு எதிரிங்க இருக்காங்க. மரத்தடியில மாசக்கணக்கா நின்ன அதிகாரிங்க ஜீப் எல்லாத்தையும் பிடுங்கி, வேணும்கிற இடத்துக்குக் கொடுத்தேன். நாற்பத்தொரு வண்டி. சும்மா விடுவாங்களா? அவங்கள்ல யாரோ இவனுக்கு உதவியிருக்கணும்." ஒரு நீளமான உறையை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். "போலீஸ் புகார். சாயங்காலம் நாலு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போறேன். அதுக்குள்ள ஆதாரத்தோட வந்தீங்கன்னா நல்லது."

தந்தி கோப்பைப் பிரிக்கவில்லை. அதைக் கட்டியிருந்த நூலை மட்டும் பார்த்தார். இரண்டு சுற்று, குறுக்கே ஒன்று, மேலே பூப்போல ஒரு முடிச்சு.

"லாக் புக் வேணும்," என்றார்.

தலைமை எழுத்தர் அம்மாள் ஓட்டுநரின் பழைய லாக் புக்குகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும் அந்த அம்மாள், கண்காணிப்பாளரின் முகத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

காரில் ஏறியதும் ரேடியோ புத்தகத்தைப் புரட்டினாள்.

"பாஸ், கேளுங்க. ஒரு மாசம் தொள்ளாயிரத்து ரெண்டு கிலோமீட்டர். அடுத்த மாசம் தொள்ளாயிரத்து அஞ்சு. அதுக்கடுத்து தொள்ளாயிரத்து ஒண்ணு. ரெண்டு வருஷமா இப்படித்தான். எங்க அண்ணன் எல்லாப் பாடத்துலயும் முப்பத்தஞ்சு, முப்பத்தாறுன்னு வாங்கிட்டு வருவான். எங்கப்பா பெல்ட்டைத் தேடுவார்."

"என்ன சொன்னே?"

"பெல்ட்டு."

"அதுக்கு முன்னாடி."

"முப்பத்தஞ்சு."

"பாஸ் மார்க்," என்றார் தந்தி.

"என்னைக் கூப்பிடறீங்களா, உங்களையே கூப்பிட்டுக்கறீங்களா?"

தந்தி வண்டியைக் கிளப்பினார். "இந்த ஆளும் பாஸ் பண்ண ஓட்டியிருக்கான். தொள்ளாயிரம் தாண்டணும். தாண்டினதும் நிறுத்திட்டான். ஏன்?"

ரேடியோ மறுபடி தாள்களைப் புரட்டினாள். ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதிவரை கிலோமீட்டர்கள் ஏறுக்குமாறாக இருந்தன. ஒரு நாள் அறுபது, ஒரு நாள் எட்டு, ஒரு நாள் ஒன்றுமே இல்லை. கடைசிப் பத்து நாளில் மட்டும் தினமும் மதியம் சரியாக இருபது கிலோமீட்டர் கூடுதலாக எழுதியிருந்தது. 'எங்கிருந்து' என்ற கட்டத்தில் நிலையம். 'எதுவரை' என்ற கட்டத்திலும் நிலையம்.

"கிளம்பின இடத்துக்கே போயிருக்கான் பாஸ். எங்க சித்தி வீட்டுச் சண்டை மாதிரி."

தந்தி சிரிக்கவில்லை. அந்த மதிய வேளையில் ரேடியோவுக்கும் தன் ஜோக் ருசிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்த கண்காணிப்பாளரின் விரல்கள் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றன.

தலைமைப் பணிமனையில் மெக்கானிக் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். கால்தான் முதலில் பேசியது.

"யாரு?"

"டயர் பாக்கணும்," என்றார் தந்தி. "4417. ஆம்புலன்ஸ். கழட்டின பழசு."

மெக்கானிக் வெளியே உருண்டு வந்து, இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். கழித்த டயர்கள் மலைபோலக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் வண்டி எண்ணும், எந்தப் பக்கத்துச் சக்கரம் என்பதும் சுண்ணாம்பால் எழுதியிருந்தது.

4417-இன் டயர்களை அவர் இழுத்துப் போட்டார். வலப்பக்கத்தவை நன்றாகவே இருந்தன. இடப்பக்கத்தவை வழுக்கையாகத் தேய்ந்து பளபளத்தன.

"ஒரே பக்கமா படுத்துத் தூங்கற வண்டியா அண்ணே?" என்றாள் ரேடியோ.

"வலது பக்கமாவே திரும்பிக்கிட்டு இருந்தா இடது பக்கம்தான்மா தேயும்." மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஆளுக்கு நாங்க வச்ச பேரு செக்கு. போய் அவன் சுத்தின இடத்தைப் பாருங்க, ஏன்னு தெரியும்."

"திருடனா?" என்றார் தந்தி.

மெக்கானிக்கின் முகம் இறுகியது. "டீசல் திருடறவன் ஓடாத வண்டியை ஓடினதா எழுதுவான் சார். இவன் ஓட்டிட்டுத்தான் எழுதினான். டயரே சாட்சி சொல்லுதே. இதை விசாரணையில சொல்றேன்னு நானே போனேன். மெக்கானிக்குக்கு அங்க என்ன வேலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

வெளியே வரும் வழியில் அறிவிப்புப் பலகை இருந்தது. தந்தி அதற்கு முன்னால் நின்றுவிட்டார். மூன்று வருடத்துக்கு முந்தைய சுற்றறிக்கை ஒன்று பழுப்பேறிப் போய் ஒட்டியிருந்தது. ரேடியோ உரக்கப் படித்தாள்.

"'தொடர்ந்து மூன்று மாதங்கள், மாதம் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடும் வண்டிகள் பயனற்று நிற்பவையாகக் கருதப்பட்டுத் தலைமைப் பணிமனைக்குத் திரும்பப் பெறப்படும். இப்படிக்கு, கண்காணிப்பாளர்.'" அவள் நிமிர்ந்தாள். "பாஸ் மார்க்."

அந்தச் சுற்றறிக்கைக்குப் பக்கத்தில் ஒரு தாள் அளவுக்குப் பலகை வெளுக்காமல் இருந்தது. நான்கு மூலையிலும் புதிதாகப் பிடுங்கிய ஆணித் துளைகள்.

"இங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் தந்தி.

"அதைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க சார்," என்றார் மெக்கானிக். "அந்த மனுஷனை இதுக்கு மேல நோகடிக்க என்னால முடியாது." எந்த மனுஷனை என்று சொல்லாமலே மறுபடி லாரிக்கு அடியில் போய்விட்டார்.

சுகாதார நிலையம் சின்னது. கீழே இரண்டு அறை, மாடியில் இரண்டு அறை. பக்கத்தில் ஆம்புலன்ஸுக்கான தகரக் கொட்டகை காலியாக இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு விளையாட்டு மைதானம்.

நர்ஸ் அவர்களை மாடிக்கு அழைத்துப்போனார்; ரேடியோ ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். மைதானத்தின் ஓரமாகப் புல்லே இல்லாமல் ஒரு பெரிய வட்டம். ஆறு மாதமாகியும் சக்கரத்தடம் முழுதாக ஆறவில்லை. இப்போதுதான் அங்கங்கே பச்சை துளிர்க்கத் தொடங்கியிருந்தது.

"ஒரு சுத்து நானூறு மீட்டர்," என்றார் நர்ஸ். "அம்பது சுத்து சுத்துவார். நான் இந்த ஜன்னல்ல நின்னு எண்ணிச் சொல்வேன். சில நாள் அவருக்குத் தலை சுத்தி, கீழே இறங்கி வாந்தி எடுத்துட்டு வந்து மறுபடி சுத்துவார்."

"ஏன் மைதானம்? பெரிய ரோட்டுல போனா ரெண்டு நாள்ல அந்தக் கிலோமீட்டர் சேந்துடும்," என்றார் தந்தி. அது அவருக்கு நீளமான பேச்சு. பதில் தெரிந்தே கேட்கிறார் என்று ரேடியோவுக்குப் பட்டது.

நர்ஸ் அலமாரியைத் திறந்து ஒரு பச்சைத் துணியை எடுத்தார். அறுவை அறைகளில் போர்த்துகிற துணி.

"போன் வந்தா இதை ஜன்னல்ல ஆட்டுவேன். அப்படியே மைதானத்துல இருந்து நேரா ரோட்டுக்குப் போயிடுவார். அவர் சுத்திக்கிட்டு இருக்கும்போது எட்டு தடவை ஆட்டியிருக்கேன். எட்டு பேரும் இன்னிக்கு நல்லா இருக்காங்க. சின்ன ஏரியா சார் இது. என்ன பண்ணாலும் மாசம் எழுநூறு கிலோமீட்டர்தான் நிஜமான ஓட்டம் வரும். ஜனங்க நோய்வாய்ப்படலைன்னா வண்டியை எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு பயந்தே சுத்தினார்."

"அவர் போன பிறகு?"

"புதுசா வந்தவர் நேர்மையானவர். அழைப்பு வந்தா மட்டும் ஓட்டினார்." நர்ஸ் துணியை மடித்தார். "நாலாவது மாசம் பணிமனையில இருந்து ஆள் வந்து வண்டியை ஓட்டிட்டுப் போயிட்டான். கையில ஏதோ தாள் இருந்துச்சு. எனக்குக் காட்டலை."

படியிறங்கும்போது ரேடியோ சொன்னாள், "பாஸ், இந்தக் கேஸ் எனக்குப் பிடிக்கலை. கெட்டவனே வரமாட்டேங்கறான்."

"வரமாட்டான்," என்றார் தந்தி.

சஸ்பெண்ட் ஆன ஓட்டுநர் இப்போது ஏழு மாடி வணிகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறார். சாம்பல் நிறச் சீருடை. ஐம்பதை நெருங்கும் வயது. ஸ்டூலில் உட்காராமல் நிமிர்ந்து நின்றிருந்தார்.

"எந்த மாடி?"

"உங்களைத்தான் பாக்க வந்தோம்," என்றாள் ரேடியோ. "ஆம்புலன்ஸ் விஷயமா."

அவர் கை பொத்தானின் மேலேயே நின்றது. "நிறுத்தி வச்சுப் பேசினா சூப்பர்வைசர் சத்தம் போடுவார். உள்ளே வாங்க. போயிட்டே பேசலாம்."

கதவு மூடியது. லிஃப்ட் மேலே ஏறியது.

"மைதானம் பாத்தோம்," என்றார் தந்தி. "பச்சைத் துணியும்."

ஓட்டுநர் அவரைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் மாடியில் இரண்டு பேர் ஏறினார்கள். ஐந்தில் இறங்கினார்கள். கதவு மூடியதும் சொன்னார்:

"ஆறு மாசத்துல இதைக் கேட்ட முதல் ஆள் நீங்க சார். விசாரணையில ஆமா, இல்லைன்னு மட்டும் பதில் சொல்லச் சொன்னாங்க. 'அழைப்பு இல்லாம வண்டி ஓட்டினியா?' ஆமா. 'டீசல் செலவாச்சா?' ஆமா. அவ்வளவுதான். ஏன் ஓட்டினேன்னு கேள்வித்தாள்லயே இல்லை."

"கத்தினீங்களாமே," என்றாள் ரேடியோ. "வாசல்ல காத்து நிப்பீங்கன்னு."

"கத்தினேன். அது சாபம் இல்லை மேடம். அவர் வீடு என் ஏரியாவுல இருக்கு. அந்த அம்மாவுக்கு நெஞ்சு வலி உண்டுன்னும் தெரியும், நிலையத்துல வந்து மாத்திரை வாங்கிட்டுப் போவாங்க. வண்டி போச்சுன்னா உங்களுக்கும்தான் கஷ்டம்னு சொல்ல வந்தேன். கோபத்துல வார்த்தை வேற மாதிரி வந்துடுச்சு."

ஏழாம் மாடி. யாரும் இல்லை. கதவு திறந்து மூடியது. லிஃப்ட் இறங்கத் தொடங்கியது.

"வண்டியை மாத்தினது யாரு?" என்று கேட்டார் தந்தி.

ஓட்டுநர் மாடி எண்கள் மாறுவதையே பார்த்தார்.

"பணிமனைப் பலகையில பட்டியல் ஒட்டியிருந்தாங்க. மெக்கானிக் போன் பண்ணிச் சொன்னார், போய்ப் பாத்தேன். நாற்பத்தொரு வண்டி. நம்பர் மட்டும்தான் இருந்துச்சு. எது ஜீப், எது கார்னு ஒண்ணும் போடலை. இருபத்தேழாவது என் வண்டி." விரலால் காற்றில் ஒரு கையெழுத்து வரைந்தார். "கீழே அவரோட கையெழுத்து. போலியும் இல்லை, ஒண்ணும் இல்லை. அவரே போட்டது."

ரேடியோ சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"உடனே போய்ச் சொல்லியிருக்கலாமே?"

"போனேன். சஸ்பெண்ட் ஆனவன் ஆபீஸ் வளாகத்துக்குள்ள வரக்கூடாதுன்னு கேட்ல நிறுத்திட்டாங்க. லெட்டர் எழுதிப் போட்டேன். ஒரு மாசத்துக்கெல்லாம் அந்த அம்மா..."

நான்காம் மாடியில் கோப்புகளுடன் ஒருத்தி ஏறினாள். "கீழே," என்றாள். கீழே வந்ததும் அவள் இறங்கினாள்.

"சாவுக்குப் போனேன்," என்றார் ஓட்டுநர், கதவு மூடியதும். "மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேக்கணும்னுதான் போனேன். அத்தனை நாளா மனசுக்குள்ள சேத்து வச்சிருந்தேன். அவர் வாசல்ல நின்னுட்டு இருந்தார். குனிஞ்சு காலைப் பாத்தேன். ஒரு கால்ல அவர் செருப்பு, இன்னொரு கால்ல அந்த அம்மாவோட செருப்பு. அவருக்கே தெரியலை. வாசல்படி ஏறாமலே திரும்பிட்டேன். அது அவர் கையெழுத்துன்னு அவருக்குத் தெரியாமலே போகட்டும்னு விட்டுட்டேன்."

"இன்னிக்கு நாலு மணிக்கு உங்க மேல போலீஸ்ல புகார் கொடுக்கப் போறார்," என்றாள் ரேடியோ. "கள்ளக் கையெழுத்துன்னு."

அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஸ்டூலில் முதல்முறையாக உட்கார்ந்தார்.

"எனக்கு ஸ்கூல் போற பொண்ணு இருக்கா. அவருக்காகப் பரிதாபப்படறேன் சார். ஆனா ஜெயிலுக்குப் போற அளவுக்கு நான் நல்லவன் இல்லை. நீங்களே சொல்லிடுங்க. கொஞ்சம் பாத்து, பதமா சொல்லுங்க."

மூன்றரை மணிக்குத் தலைமை எழுத்தர் அம்மாள் தன் மேஜையில் ஒரு கட்டுக் கோப்புக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டு சுற்று, குறுக்கே ஒன்று, மேலே பூப்போல ஒரு முடிச்சு.

தந்தி எதிரில் உட்கார்ந்தார். "தாளைக் கொடுங்கம்மா."

அம்மாள் நிமிர்ந்தார்.

"திருட வர்றவன் அவசரத்துல கிழிச்சுட்டுப் போவான்," என்றார் தந்தி. "ஒரு தாளை மட்டும் உருவி, மிச்சத்தை அடுக்கி, இவ்வளவு அழகா முடிச்சுப் போட மாட்டான். இது உங்க முடிச்சு. பலகையில இருந்ததையும் நீங்கதான் எடுத்தீங்க."

அம்மாள் மறுக்கவில்லை. கைப்பையின் அடியிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். மடிப்புகள் தேய்ந்திருந்தன. பல தடவை பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

"பதினெட்டு வருஷம் அவர்கிட்ட வேலை பாக்கறேன். அவர் பாத்தா தாங்கமாட்டார்னுதான் ஒளிச்சேன். இதனால அந்த ஓட்டுநர் மாட்டுவார்னு சத்தியமா நினைக்கலை."

"அவர் எழுதின லெட்டர்?"

அம்மாள் அழத் தொடங்கினார். "வந்துச்சு. சஸ்பெண்ட் ஆனவங்க கடிதத்தைத் தனி ஃபைல்ல கட்டி வைக்கறது வழக்கம். பிரிக்காமலே கட்டிட்டேன்."

ரேடியோ தன் தண்ணீர்ப் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

மூவரும் உள்ளே போனார்கள். கண்காணிப்பாளர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றிருந்தார்.

"கண்டுபிடிச்சீங்களா?"

தந்தி தாளைப் பிரித்து மேஜையில் வைத்தார். இருபத்தேழாவது எண்ணில் விரல் வைத்தார். பிறகு, வழக்கத்தை விட்டு, எல்லாவற்றையும் முழுதாகச் சொன்னார். மைதானத்தைச் சொன்னார், ஐம்பது சுற்றைச் சொன்னார், பச்சைத் துணியைச் சொன்னார், கேட்டில் நிறுத்தியதைச் சொன்னார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

கண்காணிப்பாளர் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னோடதுதான்," என்றார். தலைமை எழுத்தரிடம் திரும்பினார். "இதை நான் படிச்சேனாம்மா?"

"இல்லை சார். 'எல்லாம் ஜீப்தானே?'ன்னு கேட்டீங்க. நானும் ஆமான்னு சொன்னேன். எனக்கும் தெரியாது சார். கம்ப்யூட்டர் கிலோமீட்டரை மட்டும் பாத்துக் கொடுத்த பட்டியல். அன்னிக்கு..." அம்மாள் நிறுத்தினார்.

"சொல்லுங்க."

"அன்னிக்கு வீட்டம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், நேரமாச்சுன்னு சொல்லி, நின்னுக்கிட்டே போட்டீங்க."

அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். வெளியே யாரோ ஒரு வண்டியைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

"அந்த முப்பத்தெட்டு நிமிஷமும் அவளுக்கு நினைவு இருந்துச்சு," என்றார். "நான்தான் பதறினேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு எனக்குத் தைரியம் சொன்னா. 'உங்க ஆபீஸ் வண்டிதானே, இதோ வந்துடும். உங்க வண்டிதானே'ன்னு. கடைசிவரைக்கும் அதையேதான் சொல்லிட்டு இருந்தா."

ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்காணிப்பாளர் உறையை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். பிறகு பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார்.

"இதுல இன்னும் நாற்பது வண்டி இருக்கு," என்றார். "எது எந்தத் தெருவுல நின்னுச்சு?"

யாருக்கும் தெரியவில்லை.

"பதிவேட்டைக் கொண்டுவாங்கம்மா. ஒவ்வொண்ணா பாப்போம்."

ரேடியோ எண்ணை வாசித்தாள். அம்மாள் பதிவேட்டில் தேடி வகையைச் சொன்னார். முதல் ஒன்பதும் ஜீப்கள். பத்தாவது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஓர் ஆம்புலன்ஸ். பதினெட்டாவது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி கொண்டுபோகும் வேன். முப்பத்து மூன்றாவது, ஒரு சின்னத் தீயணைப்பு வண்டி. ஒவ்வொன்றுக்கும் அவர் பேனாவை நிறுத்திக் கண்ணை மூடித் திறந்தார். நாற்பத்தொன்றையும் முடித்தபோது, இருபத்தேழாவதையும் சேர்த்துத் தெருவுக்குத் திரும்ப வேண்டிய வண்டிகள் நான்கு என்று ஆயிற்று. காலையிலேயே அவை கிளம்ப உத்தரவு எழுதினார். ஓட்டுநரைத் திரும்ப வேலைக்கு எடுக்கும் உத்தரவையும் எழுதினார்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார்," என்றார் அம்மாள் தயங்கி. "என்ன போடறது?"

"தவறு என்னுடையதுன்னு போடுங்க."

"சார், அது உங்க வேலைக்கே..."

"போடுங்கம்மா."

பணிப்பதிவேட்டிலிருந்து ஓட்டுநரின் வீட்டு எண்ணைப் பார்த்து அவரே டயல் செய்தார். ஓட்டுநர் இன்னும் லிஃப்டில் இருந்தார். எடுத்தது அவர் மனைவி. கண்காணிப்பாளர் தான் யாரென்று சொன்னார். உத்தரவைச் சொன்னார். அதற்குப் பிறகு பேச அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அந்தப் பெண்ணின் குரல் அறை முழுக்கக் கேட்டது. வார்த்தைகள் பிடிபடவில்லை, சூடு மட்டும் பிடிபட்டது. ஆறு மாத அவமானம், திருடன் பெண்டாட்டி என்ற பேச்சு, பள்ளியில் மகள் தலைகுனிந்தது, எல்லாம் ஒரே மூச்சில் வந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து நின்றுகொண்டார். ரிசீவரைக் காதிலிருந்து அகற்றவில்லை.

"கேட்டுட்டுத்தான் இருக்கேன்மா," என்றார் ஒருமுறை. "நீங்க சொல்லுங்க," என்றார் இன்னொருமுறை.

மெல்ல மெல்ல எதிர்முனைக் குரல் தணிந்தது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. வைத்துவிட்டாளோ என்று ரேடியோ நினைத்தாள். ஆனால் கண்காணிப்பாளர் தலையை ஆட்டினார், அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

"அவளுக்கு அம்பத்தொண்ணு," என்றார். "...இல்லைம்மா, பிள்ளைங்க இல்லை. நாங்க ரெண்டு பேர்தான்... ஆமா, தனியாத்தான் இருக்கேன்... சாப்பாடா? ஏதோ..."

நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

தந்தி ரேடியோவின் தோளைத் தொட்டார். தலைமை எழுத்தர் அம்மாள் இருவருக்கும் பின்னால் வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். மூன்று பேரும் தாழ்வாரத்தில் கிடந்த பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். உள்ளே அவர் பேசிக்கொண்டிருந்தார், அழுகைக்கு நடுவே, விட்டு விட்டு, தன் மனைவியைப் பற்றி.